அரையால் வகுத்த ஊர்

முள்ளிக்கரைத் தொடக்கப் பள்ளியில் பின்ன வகுத்தல் என்பது யாருக்கும் புரியாமலே நல்லபடியாக நடந்துவந்த ஒரு பாடம். வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கு, பெருக்கு, விடைக்குக் கீழே இரண்டு கோடு போடு, அவ்வளவுதான். ஏன் தலைகீழாக்க வேண்டும் என்று கேட்ட பிள்ளைகள் பெஞ்சின் மேல் நின்றார்கள், கேட்காத பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குப் போனார்கள். அந்த ஊரிலிருந்து அலுவலகங்களுக்குப் போனவர்களும் அரசியலுக்குப் போனவர்களும் எல்லாரும் அப்படித் தலைகீழாக்கிப் பெருக்கி ஆளானவர்கள்தான். எவருக்கும் புரியாததால் எவருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை, உலகமும் தன்பாட்டுக்கு இருந்த இடத்தில் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பாடம் ஒரு பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஐந்து வகுப்புக்கும் சேர்த்து அந்தப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் ஹெட்மாஸ்டர் ஆவுடையப்பன், மற்றவள் ஜெபராணி. ஹெட்மாஸ்டருக்குக் கூட்டங்கள் உண்டு என்பதால் ஐந்து வகுப்பும் பெரும்பாலும் ஜெபராணியிடமே இருந்தன. அவளுடைய குரல் முதல் பெஞ்சைத் தாண்டாது. நல்லவேளையாகப் பள்ளியில் இருந்ததே ஒன்பது பிள்ளைகள், எல்லாரும் முதல் பெஞ்சிலும் அதன் காலடியிலுமாக உட்கார்ந்துவிடுவார்கள். நாலு பேர் நிற்கும் இடத்தில் பேச நேர்ந்தால் ஜெபராணிக்குக் காது மடல் சிவந்துவிடும். கூட்டங்களில் அவள் கையைத் தூக்கியதாக யாருக்கும் நினைவில்லை. எல்லாவற்றையும் பார்ப்பாள், எதையும் சொல்லமாட்டாள். அதனால் அவள் நல்ல டீச்சர் என்று பெயர் எடுத்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் துணைக்கருவியாக ஆறு கொய்யாப்பழங்களைக் கொண்டுபோய் மேஜையில் வைத்து, ஆறை அரையால் வகு என்று கரும்பலகையில் எழுதி, அரையைத் தலைகீழாக்கி, பெருக்கி, பன்னிரண்டு என்று கோடு போட்டாள். ஐந்தாம் வகுப்பில் இருந்த வடிவு, எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்ட ஒல்லிப் பெண், எழுந்து நின்றாள்.

"டீச்சர், பன்னிரண்டு என்ன?"

பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான், அதுதான் விடை, என்றாள் ஜெபராணி.

"அது இல்ல டீச்சர். அது ஆறு கொய்யாப்பழம். இது பன்னிரண்டு என்ன?"

ஜெபராணி கரும்பலகையைப் பார்த்தாள். ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருஷம், பள்ளிக்கூடத்தில் அதற்குமேலும் பல வருஷம் அந்தப் பன்னிரண்டை எழுதியிருக்கிறாள், அது என்ன என்று ஒருநாளும் தோன்றவில்லை. தெரியாது என்று சொல்லும் வழக்கம் கல்வித் துறையில் இல்லாததால் அவள் உட்கார் என்று சொன்னாள். வடிவு உட்காரவில்லை. தும்மல் வரப்போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பழங்களையே பார்த்தாள், பிறகு முகம் தெளிந்து, "ஓ, அரையா" என்றாள்.

மேஜையில் பன்னிரண்டு கொய்யாப்பழங்கள் இருந்தன. யாரும் வெட்டவில்லை. ஒவ்வொன்றும் காம்பும் தோலும் விதையுமாக முழுப் பழம், அளவு மட்டும் பாதி. ஒன்பது பிள்ளைகளும் ஆளுக்கு ஒன்று தின்றார்கள். கூட்டம் முடிந்து வந்த ஹெட்மாஸ்டர் இரண்டைத் தின்று, ருசி அப்படியே இருக்கிறது என்று சான்று சொல்லிவிட்டு, மிச்சத்தை மேலிடத்துக்குக் காட்ட வேண்டும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேலிடம் வருவதற்குள் அதையும் தின்றுவிட்டார்.

இப்படித்தான் ஊருக்குத் தெரியவந்தது. முதலில் வந்தவர் டீக்கடைத் தங்கப்பழம் அண்ணாச்சி. வடிவைக் கூட்டிக்கொண்டு போய் வடைத் தட்டுக்கு முன்னால் நிறுத்தி அரையால் வகுக்கச் சொன்னார். நாற்பது வடை எண்பதாயிற்று. கணக்கில்லாமலே அண்ணாச்சி இதைப் பல வருஷமாகச் செய்துவந்தவர்தான் என்றாலும், இப்போது ஒரு பள்ளிப் பிள்ளையின் வாயால் நடந்ததில் அதற்கு ஒரு மரியாதை வந்தது. ஒரு வடை தின்றுவந்தவர்கள் இரண்டு வடை தின்று, இப்போதெல்லாம் முன்னைவிட நன்றாகச் சாப்பிட முடிகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

ஊராட்சித் தலைவர் வேலம்மாள். ஆனால் வேலம்மாளைத் தலைவராக யாரும் பார்த்ததில்லை, அவருடைய வீட்டுக்காரர் பரமசிவம்தான் எல்லா இடத்திலும் தலைவராக இருந்தார். ஒரு பதவியை இரண்டு பேராக வகுத்து வைத்திருந்த அனுபவம் இருந்ததால் அவருக்கு விஷயம் உடனே பிடிபட்டது. மினி பஸ்ஸை வகுக்கச் சொன்னார். காலையிலும் மாலையிலும் வந்துகொண்டிருந்த பஸ் இரண்டாகி, முழங்கால் மோவாயில் இடிக்க ஜனங்கள் அதில் குந்திப் போனார்கள். கூடுதல் பேருந்து என்று வாழைமரம் கட்டிக் கொடியசைத்தார்கள். பிறகு குடிநீர்த் தொட்டி இரண்டாயிற்று. இரண்டுக்கும் தனித்தனியாகத் திறப்பு விழா, தனித்தனியாகக் கல்வெட்டு. மேலத்தெருவில் ஒரு கல்யாணத்துக்குப் பதினோரு சீர்த்தட்டை இருபத்திரண்டாக்கினார்கள், இரட்டைப்படையில் சீர் போகக் கூடாதென்று ஒற்றைத் தேங்காயை வைத்து இன்னொரு தட்டைச் சேர்த்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளை எண்ணிப் பார்த்துப் பூரித்துப்போனார்கள். கட்டில்கள் இரண்டாயின, படுத்தவர்களுக்குக் கால் வெளியே தொங்கியது. பானைகள் இரண்டாயின, பெண்கள் குழாயடிக்கு இரண்டு நடை நடந்தார்கள். இரண்டு நடை நடப்பது வசதி கூடியதற்கு அடையாளம் என்று சொல்லப்பட்டபோது அவர்களும் அப்படியே நம்பினார்கள். மாவட்டத்திலேயே வேகமாக வளரும் ஊராட்சி முள்ளிக்கரை என்று பரமசிவம் பேனர் வைத்தார். அந்தப் பேனரை மட்டும் வகுக்க விடவில்லை.

போன இடத்திலெல்லாம் வடிவு வகுத்துக் கொடுத்துவிட்டு, எண்பது என்ன மாமா, ரெண்டு என்ன தாத்தா என்று கேட்டாள். "கேள்வி கேக்காம வகு தாயி" என்று கன்னத்தைத் தட்டி ஒரு வடையைக் கையில் கொடுத்தார்கள். எத்தனை என்று கேட்க அந்த ஊரில் அத்தனை பேர் இருந்தார்கள். என்ன என்று கேட்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

இதற்கிடையில் பாடப்புத்தகம் அதன்பாட்டுக்கு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அங்கே பின்னப் பெருக்கல் இருந்தது. பன்னிரண்டை அரையால் பெருக்கினால் ஆறு. வடிவுக்கு அதுவும் புரிந்துவிட்டது. பள்ளி விட்டு வரும் வழியில் தங்கப்பழம் அண்ணாச்சி கடை முன்னால் நின்று அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். வாடிக்கையாளர்கள் கண்ணுக்கு முன்னாலேயே தட்டில் இருந்த எண்பது வடையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பழைய அளவில் நாற்பதாயின. கடித்துக்கொண்டிருந்தவர் வாயில் மிச்சப் பாதியும் வந்து சேர்ந்து அவருக்குப் புரையேறியது.

மறுநாள் அண்ணாச்சி நேரே வகுப்புக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், நான் படிக்காதவன், ஆனா பெருக்குததுன்னா கூடணும்னு எனக்கே தெரியும். வகுத்தா கூடுது, சந்தோசம். பெருக்குனா குறையுதுன்னு சொல்லிக் குடுத்தா பிள்ளைக மனசு என்னத்துக்கு ஆகும்?"

பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. பெருக்கினால் குறையும் என்பது வளர்ச்சிக்கு எதிரான பாடம் என்றும், முள்ளிக்கரையில் இனி அது நடத்தப்படாது என்றும் ஒருமனதாக முடிவாயிற்று. ஒருமனதில் ஜெபராணியின் மனதும் இருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், காது மடல் சிவந்தது, அதை எல்லாரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். நாற்பது வடையைத் திரும்ப எண்பதாக்கிக் கொடுத்த பிறகுதான் அண்ணாச்சி வடிவோடு பேசினார்.

ஐப்பசி பிறந்ததும் மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. பதினைந்து பிள்ளைகளுக்குக் கீழே உள்ள பள்ளிகளை மூடி, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடப்போகிறார்கள், தலைகளை எண்ண ஒருநாள் அதிகாரி ஆய்வுக்கு வருவார். முள்ளிக்கரைக்குப் பக்கத்துப் பள்ளி பரமன்குளத்தில், மூன்று கிலோமீட்டர் தள்ளி, நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம். அந்தச் சாலையில் லாரிகள் நாய்களுக்கு நிற்பதில்லை, ஆடுகளுக்கு நிற்பதில்லை.

மற்ற வீடுகளில் முணுமுணுத்துக்கொண்டார்கள். வடிவின் அம்மா பொன்னுத்தாய் முணுமுணுக்கவில்லை, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் வழியில் பள்ளி வாசலில் நின்று வெளிப்படையாகச் சொன்னாள். "அந்த ரோட்டத் தாண்டி எம்பிள்ளைய அனுப்ப மாட்டேன் டீச்சர். இங்க மூடுனா நின்னுக்கிடட்டும். கைப்பிள்ளையப் பாத்துக்கிட வீட்ல ஆளு வேணும்லா." அதில் கோபம் இல்லை. மழை வந்தால் குடை பிடிக்க வேண்டும் என்பதுபோலச் சொன்னாள். முள்ளிக்கரையில் எந்தப் பெண்ணையும் யாரும் படிப்பிலிருந்து நிறுத்தியதில்லை. இன்றைக்கு ஒருநாள் வீட்டில் இருக்கட்டும் என்பார்கள், அந்த ஒருநாள் முடியாது. ஜெபராணிக்கு அந்த ஒருநாளில் இருந்த பல பெண்களைத் தெரியும். இன்னும் அவர்கள் தெருவில் அவளைப் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் டீச்சர் என்பார்கள், இடுப்பில் பிள்ளையோடு.

ஹெட்மாஸ்டர் ஆவுடையப்பன் ஆணையைப் படித்துவிட்டு வெகுநேரம் கூரையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"ஒம்பத அரையால வகுத்தா எத்தனை டீச்சர்?"

பதினெட்டு, என்றாள் ஜெபராணி. சொன்ன பிறகுதான் அவர் கேட்டது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. வேண்டாம் சார் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று தெரியாது, சொன்னால் வடிவு என்ன ஆவாள் என்று நன்றாகத் தெரியும். ஒருநாள்தானே என்று நினைத்துக்கொண்டாள். முள்ளிக்கரையின் மற்ற எல்லாரையும் போல அவளும் ஒருநாள்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

ஆய்வு அன்று காலையில் வடிவு எல்லாரையும் வரிசையில் நிறுத்திவிட்டு, கடைசியில் தானும் நின்றுகொண்டு, ஜெபராணியைத் திரும்பிப் பார்த்தாள். "சாயங்காலம் திரும்பச் சேத்துக்கிடலாம்ல டீச்சர்?" ஜெபராணி தலையை ஆட்டினாள். பிள்ளைகள் பதினெட்டானார்கள். ஆளுக்கு இடுப்புயரம், அதே சீருடை, அதே காயம்பட்ட முழங்கால், எல்லாம் பாதி. வடிவுகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு சடை, ஒருத்திக்கு இடப்பக்கம், ஒருத்திக்கு வலப்பக்கம்.

அதிகாரி வந்தார். இரண்டு ஒன்றியங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் என்பதால் எங்கே போனாலும் பாதிதான் இருப்பார், மீதி போனில் இருக்கும். தலைகளை எண்ணினார், பதினெட்டு சரியாக இருந்தது. பிள்ளைகள் கொஞ்சம் சிறுத்திருக்கிறார்களே என்றார். எங்கள் பக்கத்துத் தண்ணீர் அப்படி, என்றார் ஹெட்மாஸ்டர். ஆறை அரையால் வகுத்தால் என்ன வரும் என்று அதிகாரி பொதுவாகக் கேட்டார்.

இடச்சடை வடிவு எழுந்து, "பன்னிரண்டு சார்" என்றாள்.

வலச்சடை வடிவு எழுந்து, "பன்னிரண்டு என்ன சார்?" என்றாள்.

அதிகாரி முதலாமவளுக்கு வெரி குட் சொன்னார், இரண்டாமவளை உட்காரச் சொன்னார், மீதி இருந்த தன் பாதியைத் தேடிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார். பள்ளி பிழைத்தது.

சாயங்காலம் திரும்பச் சேர்க்க முடியவில்லை. வடிவு தன்னையே வகுத்தபோது அவளுக்குப் புரிந்திருந்ததும் இரண்டாகிவிட்டது. இடச்சடைக்காரிக்கு எல்லா விடையும் தெரியும், ஒரு கேள்வியும் வராது. வலச்சடைக்காரிக்கு நூறு கேள்வி வரும், ஒன்றுக்கும் விடை தெரியாது. மற்றப் பிள்ளைகளின் பாதிகளும் அப்படித்தான். இரண்டு பேரும் அரையால் பெருக்கிச் சொன்னார்கள், சொன்னதெல்லாம் வெறும் சொல்லாகத்தான் இருந்தது. ஹெட்மாஸ்டர் பெருக்கிப் பார்த்தார், ஜெபராணி தலைகீழாக்கிப் பெருக்கிப் பார்த்தாள், சரியான விடைதான் வந்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் கொஞ்ச நேரம் மலைத்து நின்றார்கள். மலைப்பு அந்த ஊரில் அதிக நேரம் தங்காது. ஒருத்தி தன் இரண்டு மகன்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒருத்தன் ஆட்டோட போகட்டும் என்றாள். அவ்வளவுதான், எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. ஒன்று பள்ளிக்கு, ஒன்று வீட்டுக்கு. எத்தனையோ காலமாக இந்த ஊர் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான் என்பதுபோல ஆளுக்கு இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். பொன்னுத்தாய் ஜெபராணியின் கையைப் பிடித்து, "நல்ல காரியம் பண்ணுனிய டீச்சர், ஒருத்தி கைப்பிள்ளைக்கு, ஒருத்தி படிப்புக்கு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, உண்மையான நன்றியில்.

எதைப் பள்ளிக்கு அனுப்புவது என்பதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை. விடை சொல்லும் பாதியைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், தொணதொணக்கும் பாதியை வீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு முள்ளிக்கரைப் பள்ளிக்குப் பொற்காலம். வருகையில் பதினெட்டு, வகுப்பில் ஒன்பது, தேர்வில் எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு. கேட்டதற்குச் சொன்னார்கள், கேட்காததற்கு வாயைத் திறக்கவில்லை. வேறு ஊர்களிலிருந்து ஆசிரியர்கள் வந்து பின்னால் உட்கார்ந்து வகுப்பைப் பார்த்தார்கள், இவ்வளவு அமைதியான பிள்ளைகளைப் பார்த்ததே இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஹெட்மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதை ஜெபராணிக்கும் ஒரு நிமிஷம் போர்த்திவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஜெபராணி மட்டும் ஒவ்வொரு விடைக்குப் பிறகும் ஒரு கணம் நிறுத்தி, யாராவது எழுந்து என்ன என்று கேட்பார்களா என்று பார்த்தாள். ஒன்பது ஜோடிக் கண்கள் அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தன, கழுவிக் கவிழ்த்த தட்டுகள் மாதிரி.

ஒருநாள் மதியம் ஒன்றியத்தில் பயிற்சிக்குப் போவதற்காகக் கீழத்தெரு வழியாக பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தபோது அவள் வலச்சடை வடிவைப் பார்த்தாள். இடுப்பில் தம்பி. தம்பியை யாரும் வகுக்கவில்லை, அதனால் அவன் அவளுடைய முக்கால் உயரம் இருந்தான், அவன் கால் கட்டைவிரல்கள் தெருப் புழுதியில் இரண்டு கோடு இழுத்துக்கொண்டு வந்தன. அவள் ஒரு பக்கமாக முழுக்கச் சாய்ந்து நடந்தாள். டீச்சரைப் பார்த்ததும் நின்று, மூச்சு வாங்கியபடி கேட்டாள்.

"டீச்சர், நான் என்ன?"

ஜெபராணி பஸ்ஸுக்குப் போகவில்லை. பள்ளிக்குத் திரும்பி நடந்தாள். பொன்னாடைகளைப் பற்றியும் பதினெட்டைப் பற்றியும் ஒருநாளைப் பற்றியும் தான் ஆட்டிய தலையைப் பற்றியும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு நடந்தாள். பள்ளி இருந்தால் பாதி வடிவு படிப்பாள். வடிவு முழுதானால் பள்ளி இருக்காது, பள்ளி இல்லாவிட்டால் முழு வடிவும் வீட்டில் இருப்பாள். எப்படித் தலைகீழாக்கினாலும் கணக்கு அங்கேயே வந்து நின்றது. வகுப்பில் இடச்சடைக்காரியிடம் நீ யார் என்று கேட்டாள். "வி. வடிவு, ஐந்தாம் வகுப்பு, முள்ளிக்கரை" என்று பதில் வந்தது, சரியாக, உடனடியாக. ஜெபராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கீழத்தெருவுக்கு வந்தாள்.

குழாயில் தண்ணீர் வரும் நேரம், பாதிப் பாதிப் பானைகளோடு பாதி ஊர் அங்கே நின்றது. அன்றைக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலையில்லாததால் பொன்னுத்தாயும் நின்றாள். ஜெபராணியின் காது மடல்கள் வழக்கம்போலச் சிவந்தன, ஆனால் அவள் நிற்கவில்லை. வலச்சடைக்காரியைக் கூப்பிட்டு, தம்பியும் இடுப்புமாக அவளை இடச்சடைக்காரிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்தால் அவளும் அவர்களும் ஒரே உயரம்.

"எத்தனை பேரு?" என்றாள்.

"ரெண்டு" என்றாள் இடச்சடை.

"ரெண்டு என்ன?" என்றாள் வலச்சடை.

இடச்சடைக்காரியிடம் முதன்முறையாக விடை இல்லை. அவள் டீச்சரைப் பார்த்தாள். கேட்டவளும் டீச்சரைப் பார்த்தாள். குழாயடியில் சண்டை நின்றது, பானை நிரம்பி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஜெபராணி இரண்டு சடைகளையும் பார்த்தாள், ஒரு இடது, ஒரு வலது. தலைகீழாக்க அங்கே எதுவும் இல்லை. அப்போது அவளுக்கு மெதுவாகப் புரிந்தது. அந்தப் பன்னிரண்டு எப்போதும் அரைகள்தான், ஆறு எப்போதும் ஆறாகவேதான் இருந்தது, இத்தனை மாதத்தில் முள்ளிக்கரையில் ஒரு வடை, ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு பிள்ளை கூடியதில்லை.

"அரை" என்றாள். முதல் பெஞ்சைத் தாண்டாத அந்தக் குரல் குழாயடி முழுக்கக் கேட்டது. "ரெண்டு அரை. ரெண்டு அரை சேந்தா ஒன்னு."

முன்னால் ஒரு வடிவு நின்றாள், இரட்டைச் சடையோடு, இடுப்பில் லேசாக உட்கார்ந்திருந்த தம்பியோடு. தம்பி தன் கால் தரையை விட்டு உயர்ந்ததைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

புரிந்தது ஒரு கணக்கு என்றால் அது ஊர் முழுக்கப் புரிந்தமாதிரிதான். குழாயடியில் பானைகள் ஜோடி ஜோடியாக ஒன்றாயின. குடிநீர்த் தொட்டிகள் ஏப்பம் விட்டதுபோல ஒரு சத்தத்தோடு ஒன்றாயின, கல்வெட்டுகள் மட்டும் இரண்டாகவே நின்றன. மினி பஸ்கள் ஓட்டத்திலேயே சேர்ந்துகொண்டதில் இரண்டு டிரைவர்கள் ஒரே சீட்டில் ஒருவர் மடியில் ஒருவராக வந்து இறங்கினார்கள். மேய்ச்சலில் இருந்த ஆடுகள் சாயங்காலம் தாங்களாகவே வீடு வந்தன, மேய்த்த பாதிகள் வகுப்பில் முழுப் பிள்ளைகளாக உட்கார்ந்து, ஒரே நேரத்தில் எல்லாக் கேள்வியையும் கேட்டு ஹெட்மாஸ்டரைத் திணறடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் துக்கம் காத்தது. இவ்வளவு வளர்ச்சியை ஒரு பொம்பளை ஒரு மதியத்தில் அழித்துவிட்டாள் என்று பரமசிவம் டீக்கடையில் பேசினார், தங்கப்பழம் அண்ணாச்சி நாற்பது வடையைத் திரும்பத் திரும்ப எண்ணினார்.

பொன்னுத்தாய் மட்டும் குழாயடியிலேயே நின்றுகொண்டிருந்தாள். "ரெண்டா இருந்தத ஒன்னாக்கிட்டியளே டீச்சர்" என்றாள். "இனி பள்ளிக்கூடமும் இருக்காது. நாளைக்கு நான் வேலைக்குப் போனா கைப்பிள்ளைய யாரு பாப்பா? நீங்க பாப்பியளா?"

அந்தக் கேள்வி நியாயமானது, அதனால் ஜெபராணி அதற்கு உட்கார் என்று சொல்லவில்லை. பரமன்குளத்தில் பள்ளிக்கூடத்தை ஒட்டியே பால்வாடி இருக்கிறது, தம்பியை அங்கே விடலாம், அவள் பக்கத்திலேயே படிக்கலாம் என்றாள். அவ்வளவு தூரம், அந்த ரோட்டைத் தாண்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டா, என்றாள் பொன்னுத்தாய்.

"அம்மா, எம்புட்டுத் தூரம்?" என்றாள் வடிவு.

"மூணு கிலோமீட்டர்."

வடிவு டீச்சரைப் பார்த்தாள். குழு தடை செய்த பாடம் அவள் நாக்கு நுனியில் நின்றுகொண்டிருந்தது. தடை போட்டவர்களில் நாலு பேர் பானையோடு அங்கேயே நின்றார்கள்.

"பெருக்கு" என்றாள் ஜெபராணி.

பதினெட்டு எப்படி ஒன்பதாயிற்று என்று அதிகாரி போனில் கேட்டார். "பதினெட்டு என்ன சார்?" என்றாள் ஜெபராணி. லைன் அறுந்துபோயிற்று. பாதி ஆள் எங்கோ போயிருக்க வேண்டும். பள்ளியை மூடினார்கள். ஆவுடையப்பன் தன் சொந்த ஊருக்குப் பொன்னாடைகளோடு மாறிப்போனார், ஜெபராணியைப் பிள்ளைகளோடு பரமன்குளத்துக்கு அனுப்பினார்கள்.

காலையில் ஒன்பது பேரும் ஊர் எல்லையில் நிற்பார்கள். வடிவு தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பாதையை அரையால் பெருக்குவாள். முதல் நாள் மூன்று ஒன்றரையானது, மறுநாள் முக்கால். நாலுவழிச் சாலை நாளுக்கு நாள் ஒடுங்கி, ஒரு வாய்க்கால் அகலத்துக்கு வந்தது. அதில் லாரிகள் தீப்பெட்டிகளாக ஓடின, ஓட்டியவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பொன்னுத்தாய் முதல் வாரம் கூடவே போய் எல்லையில் நின்று பார்த்தாள், பிறகு தெருமுனையில் நின்று பார்த்தாள், பிறகு வாசலில் நின்றே பார்க்க முடிந்தது. தீப்பெட்டி ஆபீஸும் அந்தப் பக்கம்தான் என்பதால் தனக்கும் நடை குறைந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கொஞ்ச நாளில் ஊருக்குப் பழகிவிட்டது. பரமன்குளம் எப்போதும் பக்கத்தில்தானே இருந்தது, அதில் என்ன அதிசயம் என்றார்கள். பள்ளியை ஊருக்கு அருகில் கொண்டுவந்த தலைவருக்கு நன்றி என்று பேனர் வந்தது, அதில் பரமசிவம் கும்பிட்டுக்கொண்டு நின்றார். வகுத்தால் கூடும் என்று அண்ணாச்சி இன்றைக்கும் வாதாடுவார், பெருக்கினால் குறையும் என்பதை மட்டும் நம்பமாட்டார், நம்பாமலே பரமன்குளத்துக்கு நாலெட்டில் போய்ப் பால் வாங்கி வருவார்.

வடிவு இன்னும் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். அரையில் அரை, அதில் அரை, அதிலும் அரை. என்ன பெருக்கினாலும் அந்தப் பாதை இல்லாமல் போவதில்லை, எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தை அவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு, தினமும், நடந்துதான் போகிறாள்.